ஒருவர் மட்டும் எழும்புவதில்லை

— கையில குடுக்காத மில்கா. அப்பத்தை அந்தக் கல்லு மேல வச்சிட்டுத் தள்ளி நில்லு.

— வச்சிட்டேன். கோவம்னா எம்மேல காட்டுங்க அத்தான், அப்பம் என்ன பண்ணுச்சு? எருசலேம்லேருந்து இந்த மேடு ஏறி வந்திருக்கேன். வீட்டை வச்சுக்கிட்டு வாசல்ல வெயில்ல உக்காந்திருக்கீங்க. உள்ள போய்ப் பேசுவோமே.

— இங்கதான் காத்து வருது.

— வரலியே.

— வரும்.

— நாம கூடற மாடியில எல்லாரும் எல்க்கானா எங்க, எல்க்கானா எங்கன்னு கேக்கறாங்க. காலையில நாங்க வந்து சொல்லி முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க.

— நீங்க சொன்னதைக் கேட்டேனே.

— கேட்டுச் சிரிச்சீங்க.

— சிரிச்சது மத்தவங்க. நான் இருமினேன்.

— சரி, இருமினீங்க. இப்பவாவது இருமாம கேளுங்களேன். தோட்டத்துல கல்லறையை மூடின கல்லு புரண்டு கெடந்துச்சு. போதகரை வச்ச எடத்துல துணிதான் இருந்துச்சு, அவர் இல்ல. எங்களோட வந்த ஒருத்தி அவரையே பாத்திருக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

— நீ பாத்தியா?

— நான் பாக்கல.

— ம்.

— அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?

— நியாயமாப் பாரு மில்கா. செத்தவங்க எழும்புவாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சின்ன வயசுலேருந்து ஜெப ஆலயத்துல அதைத்தான் கேக்கறோம். ஆனா எப்ப? கடைசி நாள்ல. யாரு? எல்லாரும். ஆபிரகாம்லேருந்து நேத்துச் செத்தவன் வரைக்கும் ஒண்ணா. ஒருத்தர் மட்டும் முன்னாடி எழுந்து தோட்டத்துல உலாத்திக்கிட்டு இருப்பார்னு எவன் சொல்லிக் குடுத்தான்? பந்தி போடறதுக்கு முன்னாடியே ஒருத்தர் சாப்பிட்டுக் கை கழுவின மாதிரி இருக்கு.

— போதகர் சொன்னார்ல, எழும்புவேன்னு?

— சொன்னார். நாம எல்லாரும் எழும்பறப்ப அவரும் எழும்புவார்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். நீ வேற மாதிரி எடுத்துக்கிட்டியா?

— இல்ல.

— பின்ன? வர்றப்ப பட்டண வாசல்ல ரோமன் சிப்பாய் நின்னானா?

— நின்னான். காய்ஞ்ச அத்திப்பழம் இருக்கான்னு கேட்டான்.

— அந்த நாள் வந்திருந்தா அவன் அத்திப்பழமா கேட்டிருப்பான்? எழும்பியிருந்தா எல்லாரும் எழும்பியிருக்கணும். இல்லன்னா யாரும் எழும்பல. அவ்வளவுதான் என் கணக்கு. நான் இனிமே மாடிக்கு வரல. தோட்டத்துல வேலை கெடக்கு.

— இதைச் சொல்ல இவ்வளவு தள்ளி உக்காரணுமா? நான் ஒரு அடி வச்சா நீங்க ரெண்டடி நகர்றீங்க. நான் என்ன தொட்டா ஒட்டிக்கற நோயா?

— நீ இல்ல. நான்.

— என்னது?

— என்னைத் தொட்டா உனக்குத் தீட்டு. நான் ஏழு நாளைக்கு வீட்டுக்குள்ள போகக்கூடாது, ஒரு பானையைத் தொடக்கூடாது. பண்டிகை முடிஞ்சுது எனக்கு.

— கல்லறைக்குள்ள போனீங்களா?

— போனேன்.

— இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? போதகர் கல்லறைக்குத்தான? அப்ப நீங்களே பாத்திருப்பீங்களே, காலியா இருக்கறதை.

— அங்க போகல.

— வேற எங்க?

— அப்பத்துல எறும்பு ஏறுது பாரு.

— ஏறட்டும். அக்கா கல்லறைக்கா?

— ஆமா.

— இன்னைக்கா?

— எலும்பை எடுத்துப் பெட்டியில வைக்கணும்ல. அதுக்குப் பதமாயிருக்கான்னு பாக்கலாம்னு...

— அத்தான். அக்கா செத்தது ஒலிவக்காய் பறிக்கறப்ப. எலும்பெடுக்க வருஷம் திரும்பணும், இன்னும் பாதிகூட ஆகல. பண்டிகை வாரத்துல எவனாவது அதுக்குப் போவானா? உங்களுக்குப் பொய்யே சரியா வராது.

— உங்க அக்கா தீர்சாவும் இதையேதான் சொல்வா.

— கல்லை யாரு தள்ளினது?

— நான்தான். சின்னக் கல்லு.

— அது சின்னக் கல்லு இல்ல.

— தள்ள முடிஞ்சுது.

— உள்ள?

— இருந்தா. வச்ச மாதிரியே. துணி மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன். ரொம்ப நேரம் இருந்தேன் மில்கா. ஒருவேளை ஒவ்வொருத்தரா வர்றாங்களோ, வரிசை நம்ம பக்கம் வர நேரமாகுமோன்னு.

— ஐயோ, அக்கா...

— அழாத. நான் அழுது முடிச்சுட்டேன். இப்பப் புரியுதா, ஏன் நம்பலன்னு? எங்க வீட்டுக் கல்லறையில ஆள் இருக்கு. அப்ப அங்கயும் இருக்கணும். யாரோ தூக்கிட்டுப் போயிருப்பாங்க.

— கேளுங்களேன். உங்களுக்குப் பின்னால, சுவரோரமா ஒரு துணி மூட்டை. அதுல என்ன?

— ஒண்ணுமில்ல.

— அவுந்திருக்கு அத்தான், தெரியுது. அக்கா செருப்புதான அது?

— அவளை வெறுங்கால்லதான படுக்க வச்சோம். அங்கேருந்து வீடு வரைக்கும் முள்ளும் கல்லும். எப்படி நடந்து வருவான்னு எடுத்துட்டுப் போனேன்.

— காலையில நாங்க எத்தனை பேர் போனோம். எல்லார் கையிலயும் பொணத்துக்குப் பூசற தைலம்தான். அவருக்கு ஒரு சோடி செருப்பு எடுத்துக்கணும்னு எங்கள்ல ஒருத்திக்கும் தோணல அத்தான்.