தையலக்காவுக்கு வந்த செய்திகள்

ஒரு கடையைப் படம் எடுக்கக் காலை பத்து மணிதான் சரியான நேரம். அதற்கு முன்னால் எடுத்தால் ஷட்டரின் நிழல் உள்ளே விழும். பதினொன்றைத் தாண்டினால் வாசலில் யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கடைத்தெருவில் இருபத்திரண்டு கடைகளை நான்தான் இணையத்தில் ஏற்றினேன். வரைபடத்தில் இடம் குறிப்பேன், படம் போடுவேன், வாடிக்கையாளர்கள் கேட்பதற்குக் கடைக்காரர் பெயரில் பதில் எழுதுவேன். பிறர் பெயரில் எழுதுவது என் தொழில் மேடம். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தையலக்காவை உங்களுக்கு இப்போது தெரியும். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த கோட்டுக்கு உள்துணி வைப்பது எல்லாம் அவர் வேலை. அவர் ஒட்டுப்போட்டால் கிழிந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனால் இணையம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். "இருக்கிற துணியே தலைக்கு மேல கெடக்கு. இதுல ஊர்ல இருக்கிறவன் கிழிசலையெல்லாம் கூப்பிட்டுத் தைக்கணுமா?"

நான்கு முறை போய்க் கேட்டேன். ஐந்தாவது முறை போவதற்குள், அவருக்கு ஒரு தங்கை உண்டு என்று பக்கத்துக் கடைப் பூட்டுச்சாவிக்காரர் சொல்லிக் கேட்டிருந்தேன். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. ஏதோ ஒரு கோட்டின் கையைத் தங்கை குட்டையாக வெட்டிவிட, அக்கா வாடிக்கையாளர் முன்னாலேயே கடிந்துகொண்டாராம். சின்னவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனவள்தான். பன்னிரண்டு வருடம். அதற்குள் அந்தப் பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். கடை பின்தெருவுக்கு வந்தது. தேடி வந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை.

"உங்க தங்கச்சி எந்த ஊர்ல இருந்தாலும் பார்ப்பாங்கக்கா" என்றேன்.

அக்கா மிஷினை நிறுத்தினார். "பார்ப்பாளா?"

அன்றே படம் எடுத்தேன்.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். என் போனின் எழுத்தைக் காட்டினால், "எறும்பு ஓடற மாதிரி இருக்கு, நீயே படி" என்பார். எனவே தொடர்பு எண்ணாக என் எண்ணையே போட்டேன். எனக்கு அலுவலகம் கிடையாது. நான் தங்கியிருந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. வெட்டுமேசையின் ஒரு முனையைக் காலி செய்து, "இங்கேயே உக்காந்து வேலை பாரு தம்பி" என்று அக்காதான் சொன்னார். அந்த மூன்றடி இடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவர் சாப்பாட்டில் பாதி எனக்கு. ஒரு பித்தான் தளர்ந்தால்கூட நான் கேட்காமலே இறுக்கிவிடுவார். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

அந்தச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அக்கா எனக்கு எதிரே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான்தான். கடைப் படத்துல உன் கையைப் பார்த்தேன். முகம் இல்லாட்டியும் தெரிஞ்சிடுச்சு. தனியா கிடந்து கஷ்டப்பட்டது போதும். கடையை மூடிட்டு எங்கூட வந்துடு. இது என் நம்பர்."

சொல்லத்தான் நினைத்தேன். அவசரம் ஒன்றுமில்லையே, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் செய்தியைப் படித்துவிட்டோம் என்பது அந்தப் பக்கம் தெரிந்துவிடும். பதில் போடாவிட்டால் மனசு கஷ்டப்படும். அதனால் எழுதினேன். "ரொம்ப சந்தோஷம். இப்ப வேலை ஜாஸ்தி. அப்புறம் பேசலாம்." பண்பான பதில்தான். நீங்களே படித்துப் பார்த்திருப்பீர்கள்.

"ஏதாவது வந்துச்சா தம்பி?" என்று அக்கா அன்று சாயங்காலம் கேட்டார். தினமும் கேட்பதுதான்.

"ஒரு ஜிப் விசாரணை வந்துச்சுக்கா."

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. தங்கை எழுதுவார், நான் அக்காவாகப் பதில் எழுதுவேன். போனில் பேசலாம் என்பார். தொண்டை சரியில்லை என்பேன். உண்மையைச் சொல்ல நான்கு முறை வாயைத் திறந்தேன் மேடம். ஒவ்வொரு முறையும் மறைத்த நாட்கள் கூடியிருந்தன. ஒரு வாரத்தை ஒப்புக்கொள்ளலாம். எட்டு மாதத்தை எப்படி ஒப்புக்கொள்வது? அந்த மூன்றடி இடத்தில் முன்னால் அக்கா, பின்னால் சுவர். எழுந்து வெளியே போகவேண்டுமென்றாலும் அவர் நாற்காலியை நகர்த்தினால்தான் முடியும்.

பிறகு தங்கைக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று, அதற்கு முன்னால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதினார். நான் பதில் எழுதுவதை நிறுத்தினேன். ஐந்து வாரம் மௌனமாக இருந்தால் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மனிதர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவர், "வியாழக்கிழமை காலை வர்றேன்" என்று எழுதினார்.

வரைபடத்தில் கடையின் புள்ளியை விரலால் இழுத்து, நான்கு தெரு தள்ளி, பழைய பணிமனைச் சுவரருகே வைத்தேன். அதற்கு ஒரு நொடிதான் ஆகும். வியாழக்கிழமை நானே அங்கு போனேன். முன்பின் தெரியாத இடத்தில் உடம்பு சரியில்லாத பெண்ணைத் தனியாக நிற்கவிட மனம் வரவில்லை.

அக்காவின் அதே நெற்றி. கையில் ஒரு துணிப்பை. சுவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க ஒரு தையல் கடை..."

"நீங்க அவங்க தங்கச்சியா? உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அக்கா போன மாசம் தவறிட்டாங்க."

அந்த ஐந்து வார மௌனத்துக்கு அது பொருந்தியது. அவர் அழவில்லை. பையைத் தரையில் வைத்தார், திரும்ப எடுத்துக்கொண்டார். காரியத்தை யார் எடுத்துச் செய்தது என்று கேட்டார். கடைக்காரர்கள் நாங்களே என்றேன்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"தினமும் உங்களைப் பத்திதான் கேப்பாங்க."

அது பொய் இல்லை. பேருந்து ஏற்றிவிட்டு, ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்து புள்ளியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

இதற்கிடையில் அக்கா ஒரு புதுப் பேச்சை எடுத்தார். "கடையைப் பத்து நாள் மூடிட்டு நானே அவளைத் தேடிப் போகட்டுமா?" அவருக்கு முழங்கால் வலி. எங்கே போய் அலைவார்? அதனால் தங்கை எழுதியதாக ஒன்றை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா, நல்லா இருக்கேன். சீக்கிரம் வர்றேன். நீ எங்கேயும் போயிடாதே, கடையிலேயே இரு." அவர் அதை ஏழு முறை படிக்கச் சொன்னார். போன் போடச் சொன்னதற்கு, தங்கை நம்பர் தரவில்லை என்றேன். அதற்குப்பின் ஒருநாள்கூடக் கடையை மூடவில்லை. காய்ச்சலோடும் வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் கிடந்த இன்னொரு ஸ்டூலைத் தினமும் துடைத்து வைத்தார். வாரத்துக்கு ஒன்றாகப் படித்துக் காட்டினேன். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். கடைக்கு வரும் செய்திகளை நான் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் எழுதும் விமர்சனத்தை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை. தங்கை அங்கே எழுதிவிட்டார். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பொய்யான விமர்சனம் என்று மூன்று முறை புகார் கொடுத்தேன். அது அங்கேயே இருந்தது.

திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த டீச்சர் ஒருநாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "அக்கா, நீங்க செத்துட்டீங்களாமே! யாரோ எழுதியிருக்காங்க."

"யாருக்கு அந்தக் கொள்ளை ஆசை? படிங்க பாப்போம்."

"இது என் அக்காவின் கடை. எனக்குப் பித்தான் தைக்கக் கற்றுக்கொடுத்த கை இப்போது இல்லை. இங்கே வருபவர்கள் ஒரு நிமிடம் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்."

டீச்சரின் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தப் போனைக் குடு."

கொடுத்தேன். நான் முரண்டு பிடிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டீச்சர் முதல் செய்தியிலிருந்து கடைசி வரை படித்தார். நான் வெளியே போயிருப்பேன், ஆனால் அக்கா நாற்காலியை நகர்த்தவில்லை. பிறகு அந்த எண்ணுக்குப் போன் போடச் சொன்னார். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"அம்மா இல்லைங்க. அங்க போயிட்டு வந்ததுலேர்ந்து எதுலயும் பிடிப்பில்லாம இருந்தாங்க. ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்க. பதினாறு நாளாச்சு. நீங்க யாரு?"

"பெரியம்மா பேசறேன்" என்றார் அக்கா.

அந்தப் பதினாறு நாளுக்குள் நான் அக்காவுக்கு மூன்று செய்திகள் படித்துக் காட்டியிருந்தேன். அதில் ஒன்றில் ஒரு சின்ன அறுவை நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தேன். அவர் கும்பிட்டார்.

எல்லாம் நான் செய்ததுதான். இரண்டு பேரையும் அவரவர் இடத்திலேயே அடைத்து வைத்தேன், ஒருவரைச் சாகும்வரை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். என்ன தவறு என்று கேட்டீர்கள். நிறைய யோசித்துவிட்டேன். தவறிவிட்டார் என்று சொல்லியிருக்கக் கூடாது. கடை வேறு ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். இறந்துபோனவர்களைப் பற்றித்தான் ஜனங்கள் எழுதுகிறார்கள்.

தங்கையின் அந்தப் பெண் வந்து அக்காவுடன் தங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். அவளுக்கு வேலை இருக்கும், ஊர் இருக்கும், எத்தனை நாள் இருப்பாள்? என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் மேடம். பாவம், அக்காவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?