பராங் இல்லாத வழக்கு

அவன் கையில் இருந்தது குடைதான் என்று தெரிந்தும், பராங் கத்தி என்று போலீசுக்குச் சொன்னவன் நான். மாசாய் நகரில் எங்கள் அடுக்குமாடி வாசலில், மனநிலை தடுமாறிய அந்த வாலிபன் டிராபிக் போலீஸ்போல மோட்டார்சைக்கிள்களை நிறுத்தி நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். கத்தி என்றால் சீக்கிரம் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் பதிலாக லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள்.

சில வாரங்கள் கழித்து, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், ஜாமீனில் வந்திருந்த அவனும் அவன் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது.

"லாக்கப்புலயும் டிராபிக் பார்த்தேன்கா."

"அலமாக்! அங்க ஏதுடா டிராபிக்?"

"கக்கூசுக்கு ஒரே ஜேம். ஒவ்வொருத்தனா அனுப்பினேன். போலீஸ் சார்ஜன்கூட சிரிச்சிட்டாரு."

"சிரிடா, சிரி. வியாழக்கிழமை கோர்ட்டுல கத்தி இல்லன்னு யாரு சொல்லுவா? உள்ள போட்டா உனக்கு மருந்து யாரு கொடுப்பா?"

"புகார் கொடுத்தவருக்குக் கண்ணு சரியில்ல போலக்கா. பாவம்."

"பாவமா? கையில கிடைக்கட்டும், அந்தக் குடையாலயே சாத்துறேன்!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவன் மேலிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், சிகிச்சை தொடர்கிறது. பொய்ப் புகாருக்கு இப்போது என் மேல் வழக்கு.

விஷயம் தெரிந்து நேற்று அவன் அக்கா அவனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து ஏசித் தீர்த்தாள். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் தம்பி சொன்னான்:

"பயப்படாதீங்க அங்கிள். லாக்கப்புல சாப்பாடு ஓகே லா. மீன் மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க."