ஓடாத பொட்டலங்கள்

என் கை நடுங்காது, சார். இந்த டீயைப் பாருங்கள். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை. இந்தக் கைக்காகத்தான் ஆய்வகத்தில் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

நோயை எதிர்க்கிற ரத்தச் செல்களில் ‘கொல்லும் செல்’ என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டுப் பேனாவை நிறுத்த வேண்டாம், பாடப்புத்தகத்திலும் அதே பெயர்தான். அதன் வயிற்றுக்குள் விஷப் பொட்டலங்கள் இருக்கும். புற்றுநோய்ச் செல்லைத் தொட்டதும், தொட்ட இடத்தில் அவற்றைக் கொட்ட வேண்டும். அங்கே போய்ச் சேர ஆக்டின் என்ற நார் வேண்டும். அந்த நார் ஓயாமல் தன்னைக் கட்டும், பிரிக்கும். அந்த இழுபறியில்தான் பொட்டலம் நகரும். எங்கள் ஆய்வகத்தில் அதை முதலில் படம் பிடித்தவள் நான்.

குருவி என் பக்கத்து மேசை. வாய் ஓயாது, அதனால் நான் வைத்த பெயர். என்னை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா. அவள் பிரசவத்துக்கு அவள் அம்மா வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் நான்.

அப்படிப்பட்டவள் ஒரு பெரிய கூட்டத்தில் என் படத்தைப் போட்டுக் காட்டினாள். திரை முழுக்க என் பொட்டலங்கள் ஓடின. மூலையில் அவள் பெயர். அரங்கமே கைதட்டியது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டவள் முதுகில் குத்தினால் அந்த வலியே வேறு, சார்.

அதற்கப்புறம் புதுச் சிகிச்சையும் அவள் பொறுப்புக்கு வந்தது. நோயாளியின் சொந்தச் செல்களை எடுத்து, வளர்த்து, திரும்ப உடம்பில் ஏற்றுவது. முதல் ஆள் ஒரு தையல்காரர், ரத்தப் புற்றுநோய். “எங்க பசங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறீங்களாம்மா?” என்று தன் செல்களைப் பற்றி விசாரிப்பார். என் கோட்டுக் கையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “கழட்டிக் குடுங்கம்மா, இதப் பாத்துக்கிட்டு எப்படிப் படுத்திருக்கிறது?” என்று கட்டிலில் சாய்ந்தபடியே தைத்துக் கொடுத்தார். நல்ல தையல், இன்னும் விடவில்லை. அவர்மேல் எனக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்களை வார்டுக்கு அனுப்ப வேண்டிய அன்று மத்தியானம் குருவி சாப்பிடப் போயிருந்தாள். கடற்பஞ்சிலிருந்து எடுக்கிற ஒரு மருந்து எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஆக்டின் நாரை அது அறுக்காது, இறுக்கிப் பூட்டிவிடும். தையல்காரரின் செல்களில் அதைச் சேர்த்தேன், பிறகு கழுவினேன். நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன். செத்த செல் மட்டும்தான் நீலமாகும். இந்தச் செல்கள் தெளிவாக இருந்தன. எல்லாம் உயிரோடு, நகர்வு மட்டும் இல்லை.

அனுப்புமுன் ஒரு துளியைக் குருவி மைக்ரோஸ்கோப் லென்ஸின் கீழே வைத்து, பொட்டலங்கள் ஓடுகின்றனவா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் விதி. பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். பார்த்து அவள் முகம் செத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நீ பாத்துட்டல்ல அக்கா?”

“பாத்துட்டேன்.”

“அப்புறம் நான் வேற எதுக்கு? அனுப்பிடு.”

அனுப்பினேன். அவள் பார்த்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அவளை யாரும் அதைக் கேட்பதில்லை, என்னை மட்டும் உட்காரவைத்துக் கேட்கிறீர்கள்.

செல்கள் நோயைத் தொட்டன, பொட்டலத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா நின்றன. தையல்காரர் நாளுக்கு நாள் இளைத்தார். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். “பசங்க சோம்பேறிங்க போலம்மா,” என்று சிரித்தார். அப்போது சொல்லியிருந்தால் வேறு செல்கள் வளர்த்து ஏற்றியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குருவி உள்ளே வந்தாள், அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் இறந்துபோன பிறகு, மிச்சம் வைத்திருந்த செல்களைக் குருவி லென்ஸில் பார்த்தாள், படமும் பிடித்தாள். அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

“அக்கா, இது நீயா?” என்றாள். பிறகு, “அந்தப் படத்துக்கா? அன்னிக்குக் கடைசில உன் பேரைச் சொல்லி, எங்க அக்கா எடுத்ததுன்னு மேடைக்குக் கூப்பிட்டேனே. நீ எங்க போன?”

கூப்பிட்டிருக்கலாம். நான் வெளியே இருந்தேன். காதில் விழாததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

நேற்று வரை நான் யாரையும் கொல்லவில்லை, நோய்தான் கொன்றது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை சாட்சி என்று ஒரு படத்தைப் போட்டுக் காட்டினீர்கள். ஓடாத பொட்டலங்கள். மூலையில் மறுபடியும் அவள் பெயர். அதனால்தான் பேசுகிறேன், சார். அந்த நார்களைப் பூட்டியது நான், நான் ஒருத்திதான். அவரைக் கொன்றதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த மூலையில் என் பெயரைப் போட்டுவிடுங்கள்.