உப்புப் போடாத சாப்பாடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் என் மனைவி கட்டித் தந்த சாப்பாட்டைப் பல மாதங்கள் நான் மாட்டுக்குப் போட்டேன். கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும் எனக்கு இளப்பம். வயிற்றில் புண் இருந்தும் சிதம்பரத்தில் ஆபீசுக்கு எதிரே இருந்த கிளப்புக் கடையில் பூரி தின்பேன். மாலையில் கடலூர் திரும்பி, சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்வேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு வாரமா எங்க வூட்டுக்காரருக்கு உப்பே போடாம சோறு கட்டிக் குடுக்குறேன்க்கா."

"ஏன்டி, என்ன கோவம்?"

"கோவம் இல்லக்கா. திங்கிறாரான்னு பாக்கத்தான். தெனம் வந்து நல்லாருந்துச்சுங்கிறாரு."

"அப்ப கடையில பஜ்ஜி திங்கிறாரு."

"ராத்திரி வயித்துவலின்னு உருள்றாரு. பஜ்ஜி திங்கிற காசுக்கு மாசம் பூரா கீரை வாங்கலாம்."

"நேராவே கேட்டுடேன்."

"அவரா சொல்லட்டும். நாளையிலேர்ந்து புளியையும் நிறுத்திடுறேன்."

இருவரும் சிரித்தார்கள். என் சாப்பாட்டு டப்பா மடியில் இருந்தது.

மத்தியானம் பயந்துகொண்டே அதைத் திறந்து தின்றேன். உப்பு சரியாக இருந்தது. என் மனைவிக்குச் சந்தேகம் இல்லை என்று முதலில் நிம்மதி வந்தது. பிறகு அந்த நிம்மதியே உறுத்தியது. அன்று மாலை, பஸ்ஸில் கேட்டதையும் நான் செய்ததையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும். கடை எண்ணெ வாசன சட்டையிலயே வருது" என்றாள்.

"அப்புறம் ஏன் உப்புப் போட்டே?"

"என்னிக்காவது தின்னீங்கன்னா நல்லா இருக்கணும் இல்ல" என்றாள்.