தர்ஷினியின் வழு

இரத்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உயர்தர வகுப்பு மாணவிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அவ அளந்ததுல வழு என்னோடதவிட பெருசுடி. அவளுக்குப் போயி பௌதிக சேர் கைதட்டுறாரு!"

அளவீட்டுப் பிழையைக் குறிக்கும் வழு என்ற சொல்லை இவ்வளவு பொறாமையோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"யாருக்கு, தர்ஷினிக்கா?"

"வேற யாருக்கு? ஊசல் பரிசோதனையில புவியீர்ப்பு எனக்கு 9.79 வந்துச்சு. புத்தகத்துல இருக்கிறதே 9.8தான். அவளுக்கு வெறும் 9.6. பக்கத்துல '0.3 கூடலாம், குறையலாம்'னு எழுதி வச்சிருக்கா. தனக்குச் சரியாத் தெரியலைங்கிறத ஒரு பக்கத்துக்கு எழுதுனா, அதுக்கும் கைதட்டு! அவ என்ன பண்ணுனாலும் சேருக்கு இனிக்குது."

"அஞ்சு தடவையும் அவளுக்கு வேற வேற நேரம் வந்துச்சாம்டி. கடிகாரத்த அமுக்குறப்ப கை பிந்துச்சுன்னு எழுதியிருந்தாளாம். உனக்கு?"

"இருபது அலைவுக்கு 28.4 செக்கன்."

"அஞ்சு தடவையும் அதேவா?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. ஜன்னலோரத்துப் பெண் வெளியே பார்த்தாள்.

"நீ உண்மையில எத்தன தடவ எடுத்த?"

"ஒருக்கா."

அடுத்த நிறுத்தத்தில் தோழி இறங்குவதற்கு எழுந்தபோது மற்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு எப்படியாச்சும் அவ பரிசோதனைக் கொப்பிய வாங்கித் தாடி. அந்த வழுவ அப்படியே பார்த்து எழுதிக்கிறேன்."