சுவரோரம் இரண்டு மணி நேரம்

காபிக்கு நன்றி, ஷெரீஃப். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். அன்று நான் கோபப்படவே இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடமாக இந்த அலபாமா மாவட்டத்தில் நான் நன்னடத்தை அலுவலர். எனக்குச் சம்பளம் அரசாங்கம் தருவதில்லை. நீதிமன்றம் எங்களிடம் ஒப்படைக்கிறவர்கள் மாதாமாதம் கட்டும் கண்காணிப்புக் கட்டணத்தில்தான் எங்கள் தனியார் கம்பெனி ஓடுகிறது. அப்படி என்னிடம் வந்தவன்தான் ஓடெல், வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு ஆறு மாதக் கண்காணிப்பு. அவன் கட்டணம் கட்டத் தவறிய போதெல்லாம் கண்காணிப்பை நீட்டிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு எழுதினேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த நான்கு வருடமும் அவன் குடிக்கவில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போனான். அவனை ஆளாக்கியதே நான்தான்.

அவன் எங்கே போகிறான் என்று எங்களுக்குக் காட்ட, கணுக்காலில் பூட்டிய கருவிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். கழற்றக் கூடாது. அதனால் மாலை ஐந்து மணிக்குச் சுவரோரம் நாற்காலி போட்டு, வயரும் காலுமாக உட்கார்ந்திருப்பான். அன்று நான் போனபோது அவன் மனைவி நெட்டி வேலையிலிருந்து திரும்பவில்லை.

"வாங்க சார். வெள்ளிக்கிழமை ஜட்ஜம்மா இந்தச் சனியனைக் கழட்டச் சொல்லிடுவாங்களாம், வக்கீல் சொன்னாரு. சனிக்கிழமை நான் மீன் பிடிக்கப் போறேன். நீங்க வேற எவன் காலையாவது பிடிச்சுக்கங்க."

சிரித்தான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் சீரழிந்துவிடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வக்கீல் தேடிப் போவார்கள்.

அவனுடைய சுத்தியல் மேசைமேல் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே. எழுந்து ஓடப் பார்த்தான். வயர் இழுத்து முழங்காலில் விழுந்தான்.

"சார், வேணாம் சார். நெட்டி வந்துருவா சார்."

இரண்டாவது அடியில் பற்கள் தரையில் சிதறின. பிறகு நான்கு. எந்த வேலையையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

கை கழுவிக்கொண்டு அலுவலகம் போனேன். எப்போதும்போல அன்றைய வருகைகளைப் பதிந்தேன். 'ஓடெல் வீடு, மாலை ஐந்தே கால், வருகைக் கட்டணம் நாற்பது டாலர்.' அதை எழுதாமல் விட்டிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன் என்று உங்கள் ஆள் சிரிக்கிறார். போய்விட்டு வந்து போகவில்லை என்று எழுத நான் என்ன பொய்யனா?

ஆம், நான்தான் கொன்றேன். ஆனால் அந்த நாற்பது நியாயமான கட்டணம். நெட்டியால் மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணையில் கட்டட்டும். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.