லோ போடு

சாயங்காலம் ஆறு மணி. மலை உச்சி செல்போன் டவருக்குப் போகும் மண் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம்... ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாராவது சிரித்தால் அதோடு நிறுத்திவிடுவேன்.

என் நண்பனுடைய பெரியப்பா மகளுக்கு நடந்தது இது. அக்கா என்றே சொல்கிறேன். அவள் புருஷனும் அவள் தம்பியும் ஒரே ஜீப்பில் டவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றிப் போகிறவர்கள். அந்த ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லிவர் உண்டு. முன்னால் தள்ளினால் ஹை, வேகம். பின்னால் இழுத்தால் லோ, எறும்பு மாதிரி ஊரும், ஆனால் பிடி விடாது. நடுவில் நின்றால்... எந்தக் கியரும் பிடிக்காது. சரிவில் வண்டி தானாக உருளும்.

புருஷனுக்கு லோ என்றாலே இளக்காரம். இறக்கத்திலும் ஹைதான். அன்று பிரேக் காய்ந்து நாற்றம் அடித்த பிறகுதான் நிறுத்தினான். தம்பி இறங்கி, முன் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தான். அதற்குள் இவன் அவசரமாக லிவரை இழுத்தான். அது பாதியில் சிக்கியது.

ஜீப் உருண்டு, தம்பியின் இடுப்பில் ஏறி நின்றது.

“மாமா... லோ போடு. மெதுவா பின்னால எடு.”

உயிரோடுதான் கேட்டான். இவனுக்கு ஏது பொறுமை? ஹையில் தள்ளி, ரிவர்ஸ் போட்டு மிதித்தான். வண்டி துள்ளிப் பின்னால் போய், திரும்ப அதே இடத்தில் வந்து இறங்கியது. இரண்டு தடவை. அப்புறம் தம்பி எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் வந்து, “லோவுலதான் போட்டேன், அவன் விதி” என்றான். அழக்கூட அழுதான், பாவி. அக்கா போய் ஜீப் கதவைத் திறந்தாள். உள்ளே கிளட்ச் கருகிய நாற்றம் இருந்தது. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே தம்பிதான். லோவில் எடுத்திருந்தால் கிளட்ச் அப்படிக் கருகாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வேலைக்கு வேறு ஆள் வரவில்லை. தம்பி இடத்துக்கு அக்காவே போனாள்.

அதே சரிவு. அதே பிரேக் நாற்றம். இந்தத் தடவை புருஷன் லிவரை ஒழுங்காக லோவில் இழுத்து, அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, கல் வைக்க இறங்கினான். அவள் கால் பிரேக்கில்தான் இருந்தது.

டக்.

லிவர் தானாக நடுவுக்கு வந்தது. மிதித்திருந்த பிரேக் பொதுக்கென்று உள்ளே போனது. ஜீப் உருண்டு... அவன் இடுப்பில் நின்றது.

“ஏய்... லோ போடு. மெதுவா எடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அக்கா லிவரைப் பிடித்தாள். காலியாக இருந்த பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை வந்து, அவள் கை மேல் உட்கார்ந்தது. ஐஸ் மாதிரி. டீசல் வாசனை. கட்டை விரலில், சின்ன வயதில் அவள் கதவிடுக்கில் நசுக்கிவிட்ட கோணல் நகம். அந்தக் கை லிவரை முன்னால், ஹைக்குத் தள்ளியது. பலமாகக்கூட இல்லை... கற்றுக்கொடுக்கிற மாதிரி.

“தட்டிவிட்டிருக்கலாமே அக்கா?” என்று என் நண்பன் கேட்டிருக்கிறான்.

“தெரிஞ்ச கைடா. எப்படித் தட்டிவிடுறது?”

பிறகு அவளே சொன்னாளாம்.

“ரெண்டு தடவைதான் எடுத்தேன். அப்புறம் அவரும் கேக்கல.”